பம்பிங் 30 சதவீதம்: இதயத் தசை ஏன் தளர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எக்கோ எடுத்து முடிந்ததும் கையில் ஒரு தாள் தருவார்கள். மேலே பெயர், வயது. நடுவில் இதய அறைகளின் அளவுகள். அடியில் தடித்த எழுத்தில் இரண்டு மூன்று வரிகள்: இடது கீழறை விரிந்துள்ளது, சுவரின் அசைவு எல்லா இடத்திலும் குறைவு, இஎஃப் 30 சதவீதம், டிசிஎம். ஆட்டோவில் வீடு திரும்புவதற்குள் இது ‘ஹார்ட் வீக்காம், பம்பிங் முப்பதுதானாம்’ என்று சுருங்கிவிடும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் அந்த முப்பதைப் பற்றியே பேசுவார்கள். ஐம்பத்தைந்துக்கு மேல் இருந்திருக்க வேண்டிய எண் ஏன் முப்பதானது என்று கேட்பவர் அநேகமாக யாரும் இருக்கமாட்டார். மருந்துச் சீட்டில் எதைச் சேர்ப்பது, எதை நிறுத்துவது, வீட்டில் வேறு யாரைச் சோதிப்பது என்பதெல்லாம் அந்த ‘ஏன்’ என்ற கேள்வியைப் பொறுத்ததுதான்.

அந்த 30 எதைச் சொல்கிறது

உடல் முழுவதற்கும் ரத்தம் அனுப்புவது இதயத்தின் இடது கீழறை. அது நிரம்பி நிற்கும்போது 120 மி.லி. ரத்தம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருமுறை சுருங்கியதும் 70 மி.லி. வெளியே போகிறது, 50 மி.லி. உள்ளேயே தங்குகிறது. 120ல் 70 என்றால் 58 சதவீதம். இஎஃப் என்பது இந்தக் கணக்குதான். நல்ல இதயத்துக்கே இது 100 இருக்காது. 55 முதல் 70 வரை இருந்தால் இயல்பு. 40, அதற்குக் கீழே என்றால் தெளிவான குறைவு.

‘முப்பது என்றால் எழுபது சதவீத இதயம் செத்துவிட்டதா?’ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. தளர்ந்த இதயம் விரிந்து, அதில் 200 மி.லி. ரத்தம் நிற்கிறது, ஒரு துடிப்புக்கு 60 மி.லி. வெளியே போகிறது. சதவீதம் 30தான், ஆனால் உடலுக்குப் போகும் அளவு 70லிருந்து 60ஆகத்தான் குறைந்திருக்கிறது. அறையைப் பெரிதாக்கி இதயம் எப்படியோ சமாளிக்கிறது. அதனால்தான் அதே 30ஐ வைத்துக்கொண்டு ஒருவர் மாடி ஏறுகிறார், இன்னொருவருக்குத் தலையணையை உயர்த்தி வைக்காமல் படுக்க முடிவதில்லை.

இந்த எண் ஒருவர் திரையில் கோடு வரைந்து அளப்பது என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே இதயத்தை இரண்டு பேர் அளந்தால் ஐந்து புள்ளி முன்னே பின்னே வருவது சாதாரணம். 30லிருந்து 33 ஆனதற்கு இனிப்பு வழங்கவும் வேண்டாம், 28 ஆனதற்கு இடிந்துபோகவும் வேண்டாம்.

டிசிஎம் என்பது நோயின் தோற்றம்

டைலேட்டட் கார்டியோமயோபதி, சுருக்கமாக டிசிஎம், என்றால் இதயத் தசை தளர்ந்து அறை விரிந்திருக்கிறது என்று பொருள். சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்று சொல்வதைப் போல. ஓதம் கண்ணுக்குத் தெரிகிறது. தண்ணீர் மொட்டை மாடி விரிசலிலிருந்து வருகிறதா, உள்ளே போகும் குழாய் கசிகிறதா என்பது அதிலிருந்து தெரியாது.

எக்கோவில் எல்லாமே ஒரே மாதிரி தெரிவதற்குக் காரணம் உண்டு. மாரடைப்போ, வைரஸோ, மதுவோ, மரபணுவோ எது அடித்தாலும் இதயத்துக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். சுருக்கம் குறைந்ததும் உடல் அட்ரினலினையும், உப்பையும் நீரையும் தேக்கும் ஹார்மோன்களையும் கூட்டுகிறது. தளர்ந்த சுவர் மேலும் இழுபடுகிறது, அறை உருண்டையாகிறது. கடைசியில் பார்க்கும்போது பத்து வழியாக வந்தவர்களும் ஒரே வாசலில் நிற்கிறார்கள்.

மருத்துவ வரையறைப்படி பார்த்தால், ரத்தக்குழாய் அடைப்பு, நீண்ட நாள் உயர் ரத்த அழுத்தம், வால்வுக் கோளாறு ஆகியவற்றால் விளக்க முடியாத தளர்ச்சிக்குத்தான் டிசிஎம் என்ற பெயர். அதனால் இவற்றைப் பார்ப்பதற்கு முன்பே ரிப்போர்ட்டில் அந்த மூன்று எழுத்தை எழுதுவது கொஞ்சம் அவசரம்தான். நடைமுறையில் எழுதிவிடுகிறார்கள்.

முதலில் கேட்பது: குழாயா, தசையா?

தளர்ந்த இதயங்களில் பெரும்பங்கு ரத்தக்குழாய் அடைப்பால் வருவது. ‘நெஞ்சுவலியே வந்ததில்லையே’ என்பது இங்கே செல்லுபடியாகாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நரம்புகள் மரத்திருப்பதால் மாரடைப்பு வலியில்லாமலே வந்து போகலாம். ஒருநாள் வாயு என்று சோடா குடித்துப் படுத்தது உண்மையில் மாரடைப்பாக இருந்திருக்கலாம்.

எக்கோ இதில் ஒரு துப்பு தரும். சுவரின் ஒரு பகுதி மட்டும் அசையாமல் மெலிந்து கிடந்தால், அந்தப் பகுதிக்கு ரத்தம் தரும் குழாயைச் சந்தேகிக்கலாம். எல்லாச் சுவரும் சமமாகச் சோர்ந்திருந்தால் சந்தேகம் தசைப் பக்கம் சாயும். இரண்டுக்கும் விதிவிலக்குகள் ஏராளம் என்பதால் ஆஞ்சியோகிராமோ சிடி ஆஞ்சியோவோ எடுத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

ஆஞ்சியோவில் ஏதோ ஓர் அடைப்பு தெரிந்தவுடன் ‘காரணம் கிடைத்துவிட்டது’ என்று முடித்துவிடும் தவறு இங்கே நேரலாம். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு எங்காவது ஒரு கிளையில் அடைப்பு இருப்பது பெரிய அதிசயம் இல்லை. ஓரமாக ஓடும் ஒரு சின்னக் கிளையில் 70 சதவீத அடைப்பு, முழு இதயத்தையும் தளர வைக்காது. குழாய்தான் காரணம் என்று சொல்ல வேண்டுமானால் முன்பு மாரடைப்பு வந்திருக்க வேண்டும், அல்லது இடது முதன்மைக் குழாயிலோ முன்பக்கப் பெரிய கிளையின் தொடக்கத்திலோ 75 சதவீதத்துக்குக் குறையாத அடைப்பு, அல்லது இரண்டு பெரிய குழாய்களில் அவ்வளவு அடைப்பு இருக்க வேண்டும். பலரும் ஏற்றுக்கொண்ட வரையறை இது. சேதம் எவ்வளவோ அவ்வளவு பெரிய காரணம் வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டென்ட் வைத்தபின்பும் பம்பிங் அங்கேயே நிற்கும், உண்மையான காரணம் தேடப்படாமலே போகும்.

அடைப்பே இல்லாமல், பார்வைக்கு மாரடைப்பு போலவே வரும் ஒன்றும் உண்டு. திடீர் துக்கம், அதிர்ச்சிக்குப் பிறகு, பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, இதயத்தின் நுனி பலூன் போல ஊதி நிற்கும். 1990ல் ஜப்பானிய மருத்துவர்கள் இதற்கு டகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். அங்கே ஆக்டோபஸ் பிடிக்கப் பயன்படுத்தும் குறுகிய கழுத்துப் பானையின் பெயர் அது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

பாதி விடை பேச்சிலேயே இருக்கிறது

குழாய் சுத்தம் என்று தெரிந்ததும் அடுத்த ஸ்கேனுக்கு ஓடுவதற்கு முன் உட்கார்ந்து பேச வேண்டும். புறநோயாளிப் பிரிவின் கூட்டத்தில் முதலில் அடிபடுவது இந்தப் பேச்சுதான். கேட்க வேண்டியவை:

1. மது. ‘குடிப்பீங்களா?’ என்றால் ‘எப்பவாவது’ என்று பதில் வரும். பக்கத்தில் மனைவி தரையைப் பார்ப்பார். எவ்வளவு, எத்தனை வருடம் என்று எண்ணிக்கையில் கேட்டால்தான் பயன். ஒரு குவார்ட்டர் 180 மி.லி.; பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அதாவது 77 மி.லி. சுத்த ஆல்கஹால், எடையில் ஏறத்தாழ 60 கிராம். தினமும் 80 கிராமுக்கு மேல், ஐந்து வருடத்துக்கு மேல் என்பதுதான் மதுவால் வரும் இதயத் தளர்ச்சிக்குச் சொல்லப்படும் வழக்கமான அளவு. தினம் ஒரு குவார்ட்டர், அப்புறம் ஒரு கட்டிங் என்றாலே அந்தக் கோட்டைத் தாண்டியாயிற்று. முழுவதும் நிறுத்தினால் பலருக்கு இதயம் தேறுகிறது என்பதால் இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒரு மாத்திரைக்குச் சமம்.

2. புற்றுநோய் சிகிச்சை. சிவப்பு நிறத்தில் ஏற்றப்படும் டாக்ஸோரூபிசின் வகை மருந்துகள், மொத்தமாக ஏறிய அளவைப் பொறுத்து இதயத் தசையைச் சேதப்படுத்தும். சேதம் பல வருடம் கழித்தும் வெளிப்படலாம். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டிராஸ்டுசுமாபும் இதயத்தைத் தளர்த்தும். ஆனால் பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் தேறும். ‘பத்து வருஷம் முன்னாடி மார்புல கட்டி எடுத்தோம், அது சரியாப்போச்சு’ என்று ஒதுக்கிவிட்ட கதை இங்கே திரும்பி வருகிறது.

3. பிரசவம். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவமாகி ஐந்து மாதம் வரை வருகிற தளர்ச்சிக்குத் தனிப் பெயரே உண்டு. மூச்சு வாங்குவதையும் கால் வீக்கத்தையும் ‘பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான்’ என்று விட்டுவிடுவதால் தாமதமாகிறது. பலர் முழுவதும் தேறுகிறார்கள். தேறாதவர்களுக்கு அடுத்த கர்ப்பம் உயிருக்கே ஆபத்து.

4. குடும்பம். ‘அப்பா எதனால் இறந்தார்?’ ‘மாரடைப்புங்க.’ நம் ஊரில் திடீர் மரணம் எல்லாமே மாரடைப்புதான். 38 வயதில் தூக்கத்தில் போனவர், பேஸ்மேக்கர் வைத்த சித்தப்பா, நடக்கச் சிரமப்படும் அண்ணன் மகன் என்று மூன்று தலைமுறையைத் தாளில் வரைந்து பார்த்தால் ஒரு கோடு தெரியலாம். சொந்தத்தில் கல்யாணமா என்றும் கேட்க வேண்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்தால் மட்டும் தலைகாட்டும் நோய்கள், முக்கியமாகக் குழந்தைகளிடம், அங்கே கூடுதல்.

5. அண்மையில் வந்த காய்ச்சல். சளி, காய்ச்சல், டெங்கு எல்லாம் கழிந்து சில நாள், சில வாரத்தில் மூச்சுத்திணறல் வந்தால் இதயத் தசை அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும்.

ஊரும் ஒரு துப்புதான். சீனாவின் கேஷான் மாவட்டத்தில் 1935ல் பெரிய அளவில் கவனிக்கப்பட்ட இதய நோய்க்கு, மண்ணிலேயே செலினியம் குறைவாக இருந்தது முக்கியக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. 1965–66ல் கனடாவின் கியூபெக்கில் பீர் அதிகம் குடித்த ஆண்கள் வரிசையாக இதயம் தளர்ந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். நுரை கலையாமல் நிற்பதற்காக பீரில் கோபால்ட் கலந்திருந்தார்கள். அதை நிறுத்தியதும் புது நோயாளிகள் வருவதும் நின்றது. எந்த ஸ்கேனும் இதைச் சொல்லவில்லை. என்ன சாப்பிடுகிறாய், என்ன குடிக்கிறாய் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரிந்தது.

துடிப்பே தசையைத் தளர்த்தும்போது

இதயம் தளர்ந்தால் துடிப்பு வேகமாகும் என்று எல்லோருக்கும் தெரியும். தலைகீழாகவும் நடக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிமிடத்துக்கு 120, 130 என்று ஓடிக்கொண்டிருக்கும் இதயம் அந்த ஓட்டத்தாலேயே களைத்துத் தளர்ந்துவிடும். இடையிடையே முந்திக்கொண்டு வரும் துடிப்புகளும் அப்படித்தான். ஒரு நாளில் இதயம் ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. அதில் 20,000 முந்திய துடிப்புகள் என்றால் அவையே காரணமாக இருக்கலாம். பத்து விநாடி இசிஜியில் இது தப்பிவிடும் என்பதால் 24 மணி நேரமும் துடிப்பைப் பதியும் ஹோல்டர் என்ற கருவியை உடலில் கட்டிப் பார்க்கிறார்கள். கோளாறு தரும் புள்ளியைச் சூடு வைத்துப் பொசுக்கிவிட்டால் சில மாதங்களில் பம்பிங் ஏறுவது உண்டு. முழுதாகத் திரும்பக்கூடிய காரணங்களில் இது முக்கியமானது. தேடாமல் விடுவதும் இதைத்தான். பல வருடமாக வலது கீழறையிலிருந்து துடிக்க வைக்கும் பழைய பேஸ்மேக்கரும் சிலருக்கு இதே வேலையைச் செய்யும்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு, கால்சியம், இரும்புச் சத்து, சிறுநீரகம், தேவைப்பட்டால் எச்ஐவி. கால்சியம் மிகவும் குறைந்து தளர்ந்த இதயம், ஊசி போட்டதும் எழுந்து உட்காரும். வைட்டமின் டி இல்லாத கைக்குழந்தைகளிடமும், தைராய்டு அறுவை சிகிச்சை ஆனவர்களிடமும் இதைப் பார்க்க வேண்டும். கைக்குழந்தை என்றால் இன்னொன்று: இடது இதயக் குழாய் பிறவியிலேயே தவறான இடத்திலிருந்து கிளம்பியிருக்கிறதா என்று பார்க்காமல் டிசிஎம் என்று எழுதவே கூடாது. அறுவை சிகிச்சையால் சரியாகும் கோளாறு அது.

எம்ஆர்ஐ: தழும்பு எங்கே என்பதே சேதி

கடோலினியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றி, பத்து நிமிடம் போல விட்டுப் படம் எடுக்கிறார்கள். நல்ல தசையிலிருந்து மருந்து வடிந்துவிடும். தழும்பு இருக்கும் இடத்தில் தங்கும். கறுப்புத் தசையில் தழும்பு வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளை எந்த அடுக்கில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

உள் அடுக்கில் தொடங்கி வெளிப்பக்கம் பரவினால் பழைய மாரடைப்பு. இதயக் குழாய்கள் வெளிப்புறத்திலிருந்து உள்ளே இறங்குவதால், கடைமடை வயலுக்குத் தண்ணீர் முதலில் நிற்பதைப் போல, உள் அடுக்குதான் முதலில் சாகிறது. சுவரின் நடுவே மெல்லிய கோடு என்றால் டிசிஎம் வகை. அந்தக் கோடு உள்ளவர்களுக்குத் திடீர் துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுதல். வெளி அடுக்கில் திட்டுத்திட்டாக இருந்தால் அழற்சி வந்து போயிருக்கலாம். அங்கங்கே கட்டிகட்டியாக, கூடவே இசிஜியில் மின்தடையும் (துடிப்பின் மின்சாரம் ஓடும் பாதையில் தடை) இருந்தால், சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் அல்லது, நம் நாட்டில் மறக்கக் கூடாதது, காசநோய். ஒன்றுக்கு ஸ்டீராய்டு, மற்றதற்குக் காசநோய் மருந்து என்பதால் இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளின் இதயத்தில் படிந்த இரும்பையும் எம்ஆர்ஐ அளந்து சொல்லும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குக் கடோலினியம் கொடுக்க யோசிப்பார்கள்.

தசைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி எல்லோருக்கும் தேவையில்லை. நாளுக்கு நாள் மோசமாகும் அழற்சியில், ராட்சத செல் வகை போன்ற கொடிய ஒன்றைச் சந்தேகிக்கும்போது மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

மரபணு: பதில் ஒன்றாக இருப்பதில்லை

தசையின் ஸ்பிரிங் போல வேலை செய்யும் டைட்டின், மனித உடலின் மிகப் பெரிய புரதம். அதன் மரபணுவில் பாதியில் அறுந்துபோன மாற்றம், குடும்பத்தில் ஓடும் டிசிஎம்களில் ஏறத்தாழ கால்வாசியில் இருப்பதாக 2012ல் தெரியவந்தது. பிறகு வந்தவைதான் சுவாரசியம். மதுவால் தளர்ந்தவர்களிலும் பிரசவத்தால் தளர்ந்தவர்களிலும் பத்தில் ஒருவருக்கு அதே டைட்டின் பழுது இருந்தது. ஒரே அளவு குடித்த இரண்டு பேரில் ஒருவருடைய இதயம் மட்டும் விழுவதற்கு இது ஒரு விளக்கம். ஆக, ‘குடிதான் காரணம்’ என்று எழுதிவிட்டுக் குடும்பத்தைப் பார்க்காமல் விடுவதும் சரியில்லை.

தெற்காசியர்களுக்கென்று ஒரு கதை உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பியும் பங்கேற்ற ஆய்வு 2009ல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்தது. எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இந்தப் பகுதி மக்களில் நூற்றில் நான்கு பேருக்கு இருப்பதாகவும், அது இதயத் தசை நோயோடு தொடர்புள்ளது என்றும் அது சொன்னது. செய்தித்தாள்கள் இதைக் கோடிக்கணக்கானவர்களுக்கு ஆபத்து என்று எழுதின. பின்னர் வந்த ஆய்வுகள், அந்த விடுபடல் தனியாகக் குற்றவாளி இல்லை, அதைச் சுமப்பவர்களில் சிலரிடம் கூடவே வரும் வேறு மாற்றங்களே சேதம் செய்கின்றன என்ற பக்கம் நகர்ந்திருக்கின்றன. ஜீன் டெஸ்டில் இது மட்டும் வந்தால் பதற வேண்டாம்.

லாமின் என்ற மரபணுவின் பழுது அப்படி அல்ல. முதலில் துடிப்பு மெதுவாகி, மின்தடை வந்து, பிறகுதான் பம்பிங் குறையும். பம்பிங் அவ்வளவாகக் குறையாத கட்டத்திலேயே திடீர் மரணம் வரலாம்.

காரணம் தெரிந்தால் எது மாறும்?

அடிப்படை மருந்துகள் காரணம் தெரியும்வரை காத்திருப்பதில்லை. நான்கு வகை மாத்திரைகளையும் உடனே தொடங்கிவிடுவார்கள். காரணம் தெரிந்தால் அதற்கு மேல் மாறுபவை:

1. ஐசிடி கருவி. ஆபத்தான துடிப்பு வந்தால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய உடலுக்குள் வைப்பது. பொதுவாக மூன்று மாதம் முழு மருந்துக்குப் பிறகும் இஎஃப் 35க்கு மேல் ஏறாவிட்டால் வைப்பார்கள். லாமின் பழுது என்றால் அதற்கு முன்பே யோசிக்க வேண்டும். பிரசவம், மது, வேகத் துடிப்பு என்றால் தேறும் வாய்ப்பு இருப்பதால் அவசரப்படத் தேவையில்லை.

2. ஸ்டென்ட். அடைப்புதான் காரணம் என்று உறுதியானாலும் ஸ்டென்ட் வைத்தால் பம்பிங் ஏறும் என்பது தானாக நடப்பதில்லை. 2022ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், பம்பிங் 35ம் அதற்குக் கீழும் இருந்த 700 பேரில், மருந்தோடு ஸ்டென்டும் வைத்தவர்களுக்கும் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும் மரணத்திலோ இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதிலோ வித்தியாசம் இல்லை. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது வைக்கும் ஸ்டென்ட் வேறு. இதை அதோடு குழப்பக் கூடாது. பைபாஸுக்கும் தனிக் கணக்கு உண்டு.

3. மருந்தை நிறுத்துவது. ‘எக்கோ நார்மல் ஆயிடுச்சு, மாத்திரையை விட்டுடலாமா?’ 2018ல் இதையே சோதித்தார்கள். முழுவதும் தேறிய 51 டிசிஎம் நோயாளிகளில், மருந்தை நிறுத்திய பிரிவில் 44 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. தைராய்டு, கால்சியம் போலக் காரணமே நீங்கிவிட்டவர்களுக்கு மருத்துவர் வேறு முடிவெடுக்கலாம். காரணம் தெரியாமல் தேறியவர் தானாக நிறுத்துவது சூதாட்டம்.

4. குடும்பத்தார். வெளிக் காரணம் எதுவும் பிடிபடாவிட்டால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு இசிஜியும் எக்கோவும். இயல்பாக இருந்தாலும் சில வருட இடைவெளியில் மறுபடியும். மரபணுப் பழுது உறுதியானால் அந்த ஒரு பழுதை மட்டும் மற்றவர்களிடம் தேடலாம். அது இல்லாதவர்கள் மறுபடி மறுபடி எக்கோ எடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவு தேடியும் ஒரு பங்கு நோயாளிகளுக்குக் காரணம் கிடைக்காது. அப்போது ‘இடியோபதிக்’ என்று எழுதுவார்கள். ஹோல்டரும் எம்ஆர்ஐயும் குடும்ப விவரமும் பார்த்தபின் எழுதிய இடியோபதிக்கும், ஓர் எக்கோவைப் பார்த்து எழுதியதும் ஒன்றல்ல. கோப்பில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தக் கோப்போடு பழைய காகிதங்களையும் எடுத்துப் போவது நல்லது. ஐந்து வருடம் முன்பு ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த எக்கோ, கம்பெனி செக்கப்பில் எடுத்த இசிஜி, புற்றுநோய் மருந்து எத்தனை சுற்று ஏறியது என்ற டிஸ்சார்ஜ் சம்மரி. அன்றைய எக்கோ இயல்பு என்றிருந்தால், தேட வேண்டிய காலம் அந்தத் தேதிக்குப் பிறகுதான் தொடங்குகிறது.